வாய்தாவுக்கு வாய்தா ஜெபம்: அநியாயம் நீளும்போது சோர்ந்துபோகாமல் மன்றாடும் முறை

லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவை நீண்ட ஜெபம் எதையும் செய்யவில்லை. அவளிடம் இருந்தது ஒரே வாக்கியம்: “எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்.” அதையே ஓர் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் போய்ப் போய்ச் சொன்னாள். அவள் ‘அலட்டுகிறாள்’ என்று நியாயாதிபதி சலித்துக்கொள்ளும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது குத்துச்சண்டைக்காரர்களின் சொல். கண்ணுக்குக் கீழே குத்துவிடுவது என்று பொருள். 1 கொரிந்தியர் 9:27-இல் பவுல் தன் சரீரத்தை ஒடுக்குவதைப் பற்றிச் சொல்லும்போதும் இதே சொல்லைத்தான் எடுக்கிறார். அந்த உவமையைச் சாந்தமான பொறுமைக்குப் பாடமாகவே கேட்டுப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இயேசு காட்டும் விடாமுயற்சி, அலுவலக வாசலை விட்டு நகராத ஒரு பெண்ணின் பிடிவாதம்.

நிலுவைச் சம்பளம், பொய் வழக்கு, பறிபோன நிலம், காரணம் தெரியாத நீண்ட நோய், சாதியின் பேரால் சொந்தச் சபையிலேயே கிடைத்த அவமானம் என்று எதில் சிக்கியிருந்தாலும், மாதக்கணக்காக, சில நேரம் வருடக்கணக்காக ஜெபிக்க வேண்டியவர்களுக்கான வழிமுறை இது. ஒரு வாரத்து நெருக்கடிக்கு இவ்வளவு தேவையில்லை.

முதலில் ஒரு வாக்கியம்

வரி போட்ட 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் விண்ணப்பத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எளிது போலத் தோன்றும். உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஆகும்.

எட்டு மாதச் சம்பளம் தராமல் வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒருவர், “ஆண்டவரே, என் காரியத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்” என்று முதலில் எழுதுவார். அதை அடித்துவிட்டு, “ஆண்டவரே, நான் வேலை செய்த எட்டு மாதத்துக் கூலி என் கைக்கு வரும்படி செய்யும்” என்று எழுத வேண்டும். யார், என்ன, எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். மொட்டையான ஜெபம் ஏன் சீக்கிரம் சோர்ந்துபோகிறது என்றால், அதற்குப் பதில் வந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. ‘எல்லாம் நன்மையாக முடிய’ ஜெபித்தவருக்குப் பதில் கிடைத்த நாளும் தெரியாது, கிடைக்காத நாளும் தெரியாது. மூன்றாம் மாதத்தில் வாய் மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

கூலியைக் கேட்பது உலகப்பிரகாரமான காரியம் என்று கூச்சப்படுகிறவர்கள் யாக்கோபு 5:4-ஐத் திறந்து பார்க்கலாம். பிடித்து வைக்கப்பட்ட கூலியே அங்கே கூக்குரலிடுகிறது.

நோட்டின் இடப்பக்கம் தேதியும் அன்றைய விண்ணப்பமும், வலப்பக்கம் நடந்தது. “வாய்தா, மூன்று வாரம் தள்ளிப்போனது” என்று எழுதுவதும் நடந்ததை எழுதுவதுதான். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடுங்கள். ஆறுதல் வசனத்தால் அதை நிரப்பாதீர்கள்.

புலம்பல் ஜெபத்தின் உறுப்புகள்

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல். ஆனால் ஞாயிறு ஆராதனையில் நம் காதில் விழுவது பெரும்பாலும் 23, 91, 103, 121. இதனால் துன்பம் வரும்போது பேசுவதற்கு நம்மிடம் மொழி இருப்பதில்லை. துதி பாடத் தெரிந்த அளவுக்கு முறையிடத் தெரிவதில்லை. இதற்குச் சிறந்த பயிற்சிப் பாடம் 13-ஆம் சங்கீதம் (கத்தோலிக்கர் திருப்பாடல் 13 என்பர்). ஆறே வசனம்.

முதல் இரண்டு வசனங்களில் “எதுவரைக்கும்” என்ற சொல் நான்கு முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர் என்று முதலில் தேவனைப் பார்த்து இரண்டு. பிறகு தன் சஞ்சலத்தைப் பற்றி ஒன்று. கடைசியில் சத்துருவைப் பற்றி ஒன்று. இந்த வரிசையைக் கவனியுங்கள். எதிராளியைப் பற்றிய புகார் கடைசியில்தான் வருகிறது. நாம் தலைகீழாகச் செய்கிறோம்: முழங்கால் போட்டவுடன் எதிராளி செய்ததைப் பத்து நிமிடம் விவரிக்கிறோம், தேவன்மேல் நமக்கிருக்கும் மனத்தாங்கலைத் தொடுவதேயில்லை. அது அடியில் தங்கிப் புளித்து, பிறகு ஒரு நாள் ஜெபமே பிடிக்காமல் போகிறது.

அடுத்த இரண்டு வசனங்கள் கேட்பவை: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கேட்பதோடு காரணமும் சொல்கிறான் தாவீது: இல்லாவிட்டால் மரணநித்திரை அடைவேன், என் சத்துரு ‘மேற்கொண்டேன்’ என்பான். வக்கீல் மனுவில் வேண்டுகோளுக்கு முன் காரணங்களை அடுக்குவதுபோல. கடைசி இரண்டு வசனங்களில் நம்பிக்கை. அங்கேயும் பிரச்சினை தீர்ந்ததாகச் சொல்லவில்லை. “உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்றுதான் இருக்கிறது.

இந்த அச்சில் உங்கள் புலம்பலை எழுதுங்கள். மேலே சொன்ன சம்பளக்காரர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

“ஆண்டவரே, எதுவரைக்கும் பேசாமலிருப்பீர்? எட்டு மாதமாக நான் கூப்பிடுவது உமக்குக் கேட்கவில்லையா? எதுவரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கடன் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்? என் மகளின் ஃபீஸ் கட்டும் தேதி தாண்டிவிட்டது. அந்த மனிதர் போன வாரம் புதுக் கார் வாங்கினார். என் பக்கம் திரும்பிப் பாரும். செவ்வாய்க்கிழமை லேபர் ஆபீசில் அவர் வந்து உட்காரும்படி செய்யும். வராவிட்டால் இன்னும் ஒரு மாதம் போய்விடும், எனக்குத் தாங்காது. நீர் என்னைக் கைவிட்டதாக ஊரார் பேசாதபடி செய்யும். எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் கூக்குரலைக் கேட்டவர் நீர். அதை நம்பித்தான் இன்றைக்கும் வந்திருக்கிறேன்.”

இதில் அலங்காரம் இல்லை. செவ்வாய்க்கிழமையும் லேபர் ஆபீசும் இருக்கின்றன. கடைசி வரியில் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அது கடைசியில்தான் வருகிறது, அவரால் முடிந்த அளவுக்குத்தான் வருகிறது. நம்பிக்கை வரி வாயில் வராத நாளில் அதை எழுதாமல் நிறுத்திவிடலாம். 88-ஆம் சங்கீதம் அப்படித்தான் நிற்கிறது: 18 வசனமும் இருட்டு, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இன்னும் நீளமாகப் புலம்ப வேண்டியவர்களுக்கு எரேமியாவின் புலம்பல் ஒரு வழி காட்டுகிறது. அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசைப்படி கட்டப்பட்டவை. எபிரெயத்தில் 22 எழுத்து. எனவே 22 வசனம், மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66. அழுகைக்கு ஏன் இலக்கணம் என்று தோன்றலாம். எழுத்து தீர்ந்தால் அன்றைக்குப் புலம்பலும் தீரும் என்பதுதான் அதன் உபயோகம். அழுகைக்கு ஒரு கரை கிடைக்கிறது. தமிழில் அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துக்கு ஒவ்வொரு வரி எழுதிப் பாருங்கள். ‘ஔ’ வரும்போது சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. வீட்டில் ஒப்பாரி தெரிந்த பெரியம்மாவோ பாட்டியோ இருந்தால், அடுக்கி அடுக்கிச் சொல்லி அழுவதன் பலனை அவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

எந்தச் சங்கீதம் எப்போது

பொய்க் குற்றச்சாட்டுக்கு 7, 35. கூட இருந்தவரே குழி பறித்தால் 55. ‘என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல’ என்ற இடம் அதில்தான் வருகிறது. தீர்ப்புச் சொல்கிறவர்களே கோணலாகத் தீர்த்தால் 58, 82, 94. நோய்க்கு 6, 38. தூக்கம் பிடிக்காத இரவுக்கு 77. முதுமையில் கைவிடப்பட்டால் 71. அக்கிரமக்காரன் செழிப்பதைப் பார்த்து வயிறு எரிந்தால் 73. தனி ஆளுக்கு நடந்தது அல்ல, ஊருக்கோ சமூகத்துக்கோ நடந்தது என்றால் 44, 74, 79. இவற்றில் 44 “விழித்துக்கொள்ளும்” என்றே தேவனைத் தட்டி எழுப்புகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு சங்கீதம் போதும். வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் வாசித்தால் மனது கடன் கணக்குக்கு ஓடிவிடும்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம்

இரண்டு நிமிடம் பேசாமல் உட்காருதல். மூன்று நிமிடம் சங்கீதம். ஐந்து நிமிடம் உங்கள் புலம்பலும் அந்த ஒற்றை வாக்கியமும். மூன்று நிமிடம் இதே அநியாயத்தில் சிக்கிய மற்றவர்களுக்காக. உங்களோடு வேலையிழந்தவர்கள், அதே நோய் வார்டில் படுத்திருப்பவர்கள். மீதி இரண்டு நிமிடம் கர்த்தருடைய ஜெபம், நிதானமாக. ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று தொடங்கி ஒரே மூச்சில் ஆமென் சொல்லிவிடுவது நம் பழக்கம். இதில் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்ற இடத்தில் நின்று மூச்சு விடுங்கள். நியாயம் கேட்கும் ஜெபம் மொத்தமும் அந்த வரிக்குள் அடங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, அதிகாலை நான்கு மணி ஜெபம் நம் சபைகளில் பெருமையாகப் பேசப்படுகிறது. துன்பத்தில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் கெடுதல். ஏற்கெனவே தூக்கம் கெட்டவர் இன்னும் இரண்டு மணி நேரத்தை இழந்தால் மூன்றாம் வாரம் உடம்பு விழுந்துவிடும், குற்றவுணர்ச்சி வேறு சேரும். உங்களால் தினமும் முடிகிற நேரம் மதியச் சாப்பாட்டு இடைவேளை என்றால் அதுவே சரியான நேரம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்ட வேண்டாம். அது கடன் அடைப்பதாக மாறிவிடும்.

உபவாசமும் அப்படியே. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் சாப்பாட்டை விடாமல் வேறெதையாவது விடுங்கள். மாலை டீயையோ செல்போனையோ. மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பழிச் சங்கீதங்களை என்ன செய்வது

எதிராளிக்குக் கேடு வரக் கேட்கும் 109-ஆம் சங்கீதத்தையோ 137-இன் கடைசி வசனத்தையோ சபையில் வாசிக்கும்போது பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அநியாயம் அனுபவித்தவருக்கு மட்டும் அது தன் குரல் போலவே கேட்கும். எங்கள் கருத்தில் இவற்றை ஒதுக்கக் கூடாது. ஆனால் கையாளத் தெரிய வேண்டும்.

கோபம் எங்காவது போயே தீரும். எதிராளியின் வீட்டு வாசலுக்குப் போகலாம், அல்லது நம் பிள்ளைகள்மேல் விழலாம். பழிச் சங்கீதம் அதைத் தேவனுடைய மேசைமேல் வைக்கச் சொல்கிறது. ‘பழிவாங்குதல் எனக்குரியது’ என்று ரோமர் 12:19 சொல்வதற்கு, அந்த ஃபைலை நீ வைத்துக்கொள்ளாதே, அவரிடம் ஒப்படை என்றும் அர்த்தம். 109-ஐ வாய்விட்டு வாசியுங்கள். எதிராளியின் பிள்ளைகளைச் சபிக்கும் 9, 10-ஆம் வசனங்கள் வரும்போது நிறுத்துங்கள். அதுவரை நீதிக்காக இருந்த கோபம் அங்கே வேறொன்றாக மாறுகிறது. உங்களுக்குள்ளும் மாறுகிறதா என்று பார்ப்பதற்கான இடம் அது. பிறகு 26-க்குத் தாண்டி, “எனக்குச் சகாயம்பண்ணும்” என்பதில் முடியுங்கள். இதை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். தினமும் செய்தால் ஜெபம் எதிராளியைப் பற்றிய தியானமாகிவிடும்.

மன்னிப்பைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. “மன்னித்துவிட்டாயே, பிறகு ஏன் கேஸ்?” என்று கேட்பவர் ஒவ்வொரு சபையிலும் ஒருவராவது இருப்பார். மன்னிப்பது என்பது அவனுக்குக் கேடு வர வேண்டும் என்ற ஆசையைக் கீழே போடுவது. மனுவை வாபஸ் வாங்குவது அல்ல. அப்போஸ்தலர் 16-இல் பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள், தற்கொலை செய்யப் போன சிறைச்சாலைக்காரனைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆனால் காலையில் அதிகாரிகள் சத்தமில்லாமல் விட்டுவிடப் பார்த்தபோது பவுல் நகரவில்லை: நியாயம் விசாரிக்காமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, “அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்” என்றார்.

ஜெபிக்கும்போதே செய்ய வேண்டியவை

ஜெபத்தில் காத்திருக்கும்போது சட்டத்தின் கெடு காத்திருக்காது. இதில்தான் விசுவாசிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். வர வேண்டிய பணத்துக்கான சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம். ‘தேவன் அவர் மனதை மாற்றுவார்’ என்று நான்கு வருடம் உபவாசமிருந்துவிட்டு வக்கீலிடம் போனால் அவர் கையை விரித்துவிடுவார். நோட்டின் முதல் பக்கத்தில் விண்ணப்ப வாக்கியத்துக்குக் கீழேயே கெடு தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100 இலவச சட்ட உதவிக்கான தேசிய எண். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு. 1987-ஆம் வருடச் சட்டம் அதை உரிமையாகவே தருகிறது. துன்பம் வீட்டுக்குள் நடக்கும் அடியும் உதையும் என்றால் முதலில் பாதுகாப்பான இடம், பிறகுதான் ஜெபத் திட்டம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. “பொறுத்துக்கொண்டு ஜெபம்பண்ணு, அவர் மாறுவார்” என்ற ஆலோசனையை யார் சொன்னாலும், பாஸ்டரே சொன்னாலும், ஏற்க வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், பிரசங்கம் செய்யவில்லை.

கைக்கூலி கேட்டால்? தேசாதிபதி பேலிக்ஸ் பணம் கிடைக்கும் என்று அடிக்கடி பவுலைக் கூப்பிட்டுப் பேசினான். பணம் கிடைக்கவில்லை; பவுலை இரண்டு வருடம் காவலிலேயே வைத்துவிட்டுப் போனான். கொடுக்காதவருக்கு விலை உண்டு என்பதை வேதம் மறைக்கவில்லை.

நாலு பேர்

திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கியவர்கள் நாலு பேர். இயேசு ‘அவர்கள் விசுவாசத்தை’ப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். உங்களுக்காக ஜெபிக்க நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள். நாற்பது பேர் வேண்டாம். சபை வாட்ஸ்அப் குழுவில் வழக்கு விவரத்தைப் போட்டால் மறுநாள் அது எதிராளியின் போனில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு விசுவாசி, அவிசுவாசி என்ற வித்தியாசம் கிடையாது.

நாலு பேருக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுங்கள், வாய்தா தேதியையும் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் 45 நிமிடம் கூடினால் போதும். அதில் முதல் 20 நிமிடம் பாதிக்கப்பட்டவர் பேசுவதற்கு. இடையில் யாரும் புத்தி சொல்லக் கூடாது, ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ரோமர் 8:28-ஐ எடுத்து நீட்டக் கூடாது. அந்த வசனம் உண்மைதான். ஆனால் துன்பப்படுகிறவர் தானே எடுக்கும்போதுதான் அது மருந்து. யோபுவின் நண்பர்கள் செய்ததில் உருப்படியானது முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

பொருத்தனையில் எச்சரிக்கை தேவை. “இது முடிந்தால் இவ்வளவு காணிக்கை, மேடையில் சாட்சி” என்று சொல்லத் தூண்டுகிறவர்கள் உண்டு. அது விண்ணப்பத்தைப் பேரமாக்குகிறது. வழக்கு தோற்றால் தோற்றது வழக்கு மட்டுமல்ல, தேவனோடு இருந்த உறவும் என்று ஆகிவிடும். ‘விசுவாசம் போதவில்லை’ என்ற பேச்சுக்குக் கெத்செமனே பதில். அங்கே இயேசு மூன்று முறை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார், துன்பத்தின் பாத்திரம் நீங்கவில்லை.

கூட்டாக, நீண்ட காலத்துக்கு ஜெபிப்பது எப்படி என்று பார்க்க விரும்பும் சபைகளுக்கு லைப்சிக் நகரத்து நிக்கோலாய் ஆலயம் நல்ல பாடம். கிழக்கு ஜெர்மனியில் 1982 முதல் திங்கள்தோறும் மாலை 5 மணிக்கு அங்கே சமாதான ஜெபம். கூட்டம் குறைந்த வாரங்களிலும் நாளும் மணியும் மாறவில்லை. 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு சேர்ந்து ஏறக்குறைய 70,000 பேர் தெருவில் நடந்தார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை. நம் நாட்டில் 1950-ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர்களை 1956-இலும் பௌத்தர்களை 1990-இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்னும் இல்லை. அந்த ஆணை வந்த ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கும் சபைகள் அன்றைக்கு 44-ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கலாம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சாதிச் சுவர் வைத்திருக்கும் சபை அதை வாசிப்பதற்கு முன் சுவரை இடிக்க வேண்டும்.

வாய்தா அன்றும், அதற்குப் பிறகும்

கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ காத்திருக்கும்போது நீண்ட ஜெபம் ஓடாது. மூச்சை இழுக்கும்போது “கர்த்தாவே”, விடும்போது “எனக்கு நியாயஞ்செய்யும்” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருங்கள். பெயர் கூப்பிடுவது காதில் விழும் அளவுக்குக் கவனமும் இருக்கட்டும்.

தீர்ப்பு எதிராக வந்தால் மூன்று நாள் எதையும் கேட்காதீர்கள். 88-ஐ வாசியுங்கள், அதுவும் முடியாவிட்டால் அந்த நாலு பேரில் ஒருவர் உங்களுக்குப் பதிலாக வாசிக்கட்டும். ரோமர் 8:26 சொல்லும் வாக்குக்கடங்காத பெருமூச்சு இந்த நாட்களுக்கானது. நாலாம் நாள் அப்பீல் கெடு என்ன என்று வக்கீலிடம் கேட்டு, நோட்டில் விண்ணப்ப வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.

சாதகமாக வந்தால் வலப்பக்கத்தில் தேதியோடு எழுதி, நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். பணம் கைக்கு வரும்வரை வாக்கியத்தை அடிக்க வேண்டாம். ஆர்டர் வேறு, காசு வேறு. வந்த பிறகும் நோட்டில் பக்கம் மீதி இருந்தால், மூன்று நிமிடப் பகுதியில் நீங்கள் பெயர் சொல்லி ஜெபித்தவர்களில் இன்னும் சம்பளம் வராதவர் ஒருவரின் வாக்கியத்தை அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.